ஒரே ஏரி மீன்கள்

"மீனைப் பற்றிப் படிச்சு என்ன பிள்ளை செய்யப்போறாய்? வெட்டத் தெரிஞ்சால் காணாதோ?"

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் எடுத்திருக்கிறேன் என்று அறிந்ததும் பொன்னுத்துரை அங்கிள் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். (இதை அம்மா எங்கள் மல்வேர்ன் பகுதிப் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லியிருந்தார்.) சும்மா விடுவேனா?

அப்போது, புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்க்காரரின் சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. கோடைகால ஒன்றுகூடலுக்கு ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்பதுதான் பிரச்சினை. ஆட்டுக்குப் பொன்னுத்துரை அங்கிள், கோழிக்கு நடராசா அங்கிள். அப்பா கெஞ்சிக் கூத்தாடி, இருவரையும் சமாதானம் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்திருந்தார்.

எங்கள் வரவேற்பறையில் என் மீன்தொட்டி இருந்தது. அதில் தனியாக ஒரு நீலச் சிக்லிட். ஆபிரிக்க ஏரி மீன். தொட்டியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தன் சீதனம் என்று நினைக்கிற முரடு. அதற்கொரு துணை சேர்த்துக் காட்டினால் அப்பாவின் சமாதானத்துக்கு உதாரணம் ஆயிற்று, என் படிப்புக்கும் மரியாதை. நூலகப் புத்தகத்தில் எந்த மீனோடு எந்த மீனைச் சேர்ப்பது என்று ஒரு முழு அத்தியாயம் இருந்தது. தலைப்பை வாசித்தேன். மிச்சம் எனக்கே தெரியும். ஒரே ஏரி, ஒரே நிறம், ஒரே அளவில் இன்னொன்று வாங்கிவந்து விட்டேன். ஊர்க்காரனை ஊர்க்காரன் விட்டுக்கொடுப்பானா? (வீட்டுக்கு வரப்போவது எந்தச் சங்கம் என்று யோசித்திருக்கலாம்.)

வந்தவர்களுக்கு அம்மா வடை கொடுத்தார். புது மீன் கல்லுக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றது. வெட்கம் என்று விளக்கினேன். மூடியைத் திறந்தேன்.

"ரெண்டும் ஒரே ஊர், அங்கிள். எப்பிடிச் சேர்ந்து சாப்பிடுதுகள் எண்டு பாருங்கோ."

தீனியைப் போட்டேன். பழையது தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதியதன் வாலைக் கவ்வியது.

"உந்தப் பழசு நடராசா மாதிரி. வந்தவனை இருக்க விடாது," என்றார் பொன்னுத்துரை அங்கிள்.

"முதல் முறைச்சது புதுசு. நான் கண்டனான்," என்றார் நடராசா அங்கிள்.

"உனக்கு எப்பவும் கண்ணிலை கோளாறு."

"அண்ணை, மீனைத்தானே பாக்கிறம்," என்றார் அப்பா, அழாக்குறையாக.

அந்த நேரம் பார்த்துப் புதியது பாய்ந்தது. நேரே நடராசா அங்கிளின் தட்டில், சம்பலுக்கு நடுவில் விழுந்து துடித்தது.

அவர் தட்டைப் பார்த்தார். "நான் கோழியெண்டெல்லோ சொன்னனான்," என்றார்.

பொன்னுத்துரை அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு சமாதானப் பேச்சு முறிந்தது. நான் அம்மாவின் சோற்றுப்பானையில் தண்ணீர் விட்டு, மீனை அதில் போட்டுக் காப்பாற்றி நிமிர்ந்தபோது, இரண்டு பேரும் தனித்தனி லிஃப்டில் இறங்கிப் போயிருந்தார்கள்.

பிறகுதான் அத்தியாயத்தை வாசித்தேன். தன்னைப் போலவே இருப்பதைத்தான் சிக்லிட் எதிரியாக நினைக்குமாம். வேறு உருவம், வேறு நிறம், வேறு ஆழத்தில் திரிகிறவையே பொருந்துமாம். புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடியில் கிடக்கும் புள்ளிக் கெளுத்தி ஒன்றை விட்டேன். பழையது அதை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. பரம சமாதானம்.

இப்போதும் வீட்டில் யாராவது ஊர்க்கதை எடுத்தால், "முதல் மூடியைப் போடுங்கோ," என்பார் அம்மா.

வருகிற சனிக்கிழமை அண்ணாவின் கலியாணம். இரண்டு அங்கிள்மாரும் வருகிறார்கள். யாரை எந்த மேசையில் இருத்துவது என்பதை அப்பா என்னிடம் விட்டிருக்கிறார். நேற்றே மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன்: ஒருவர் இந்தச் சுவரோரம், மற்றவர் அந்தச் சுவரோரம், நடுவில் முழுக்க வேறு ஊர்க்காரர், மன்னார்ப் பெண் வீட்டார்.