சுகமான ஆக்கள்

தக்ஷாயினி ஒற்றைக்காலில், கண்ணை மூடி, கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி நின்றாள். டொக்டர் செக்கன்களை எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறாவது செக்கனில் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆ! இது எங்கட மருமகப் புள்ளையெல்லோ!"

கண் திறந்தது, கால் இறங்கியது, மருமகப் பிள்ளை சுவரில் போய்ச் சாய்ந்தாள். கதவில் நின்றவர் பூரணம் மாமி. வருகிற ஆவணியில் அவளுக்குத் தாலி கட்டப்போகிற உதயரூபனின் தாய். இந்த ஆஸ்பத்திரியில், இந்த அறையில் அவளைக் காணவே கூடாத ஆள்.

தக்ஷாயினிக்கு ஏழு வயதிலிருந்து வலிப்பு. சுனாமிக்கு முதல் அவர்கள் கல்லடியில், கடற்கரையோரம் இருந்தார்கள். கடல் வீட்டைக் கொண்டுபோனபோது அவளது வலிப்பை எழுதிவைத்த கிளினிக் கொப்பியையும் சேர்த்துக் கொண்டுபோனது. வீட்டுக்காக மூன்று மாதம் அழுத அம்மா கொப்பிக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. தன்னாமுனையில் புது வீடு கிடைத்தது. அயலவர்களும் புதிது.

"இனி அந்தச் சொல்லு இந்த வாசலுக்குள்ள வரப்படாது," என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சொல் வரவில்லை. வலிப்பு வருத்தம் மட்டும் இடைக்கிடை வந்தது. மருந்தை மாற்றிய பிறகு, மூன்று வருடமாக அதுவும் வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அந்த வாய்க்குள் ஒரு பயத்தம்பணியாரத்தைத் திணித்துவிட்டாள்.

போன வருடம் சண்டை முடிந்து பாதை திறந்ததில், இப்போது கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர் ஆராய்ச்சிக்கென்று வந்திருந்தார். நெடுநாள் வலிப்பு இருக்கிறவர்களில் சிலருக்கு மூளையின் பின்பக்கத்தில் ஒரு பகுதி மெல்லச் சுருங்குமாம். அதனால் நிற்பதிலும் நடப்பதிலும் தள்ளாட்டம் வருமாம். சுருக்குவது வலிப்பா, அல்லது குடிக்கிற மருந்தா? "அது தெரிஞ்சால், எது நல்ல மருந்து என்று தெரியும். உங்களுக்குப் பிறகு வாற பிள்ளைகளுக்கும் உதவி," என்றார், புதிதாகப் படித்த தமிழில். ஒப்பிட்டுப் பார்க்க, வருத்தமில்லாத ஆட்களையும் இப்படியே நிற்கவைத்துப் பார்ப்பார்களாம்.

தக்ஷாயினிக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடம் ஒளித்துவைத்த தலை ஒரு ஆளுக்காவது பயன்படட்டும். சட்டைத் துணி வாங்கப்போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவள்தான், இப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன மகள், இஞ்ச?" மாமி உள்ளே வந்தார்.

"ஆராய்ச்சி மாமி. வலிப்புக்காரரோட ஒப்பிட்டுப் பாக்க சுகமான ஆக்களும் வேணுமாம். நான்... சுகமான ஆள்."

மாமியின் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு பூவாய் விரிந்தது. "அதானே பாத்தன்! எங்கட தம்பியும் அதுக்குத்தான் வந்திரிக்கார்."

பின்னால் உதயரூபன் நின்றான். கிரான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். கையிலிருந்த பைலை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான்.

"ஓம்," என்றான். "நானும் சுகமான ஆள்."

தக்ஷாயினிக்கு நிலத்துக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. ஒரு வருத்தமும் இல்லாத மனுஷன், யாரோ வருத்தக்காரருக்கு உதவவென்று லீவு போட்டு வந்திருக்கிறான். அவனுக்கு முன்னால் அவள் சொன்ன பொய்!

"அடுத்தது கோடு," என்றார் டொக்டர். நிலத்தில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவின்மேல், குதிக்காலும் பெருவிரலும் தொடத்தொட நடக்கவேண்டும்.

காலையில் டொக்டர் காட்டித்தந்தபோது அவள் அதை நன்றாகத்தான் நடந்து பழகியிருந்தாள். இப்போது சுகமான ஆள் போல நடக்க முயன்றாள். நாலாவது அடியில் நாடா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாய்ப் போனார்கள்.

"சுகமான புள்ளைக்கு ஏன் இப்பிடித் தள்ளாடுது?" மாமி கேட்டார்.

"காலமை சாப்பிடல்ல மாமி."

சொன்னது பிழையாய்ப் போய்விட்டது. மாமி கன்ரீனுக்கு ஓடி, இரண்டு மீன் பணிசும் ஒரு பிளேன்டீயும் கொண்டுவந்து, நின்றபடியே பிய்த்து அவள் வாயில் தீத்திவிட்டார். வயிறு முட்டிய பிறகு டொக்டர் தடித்த ஸ்பொஞ்சைக் காட்டினார். "இதில ஏறுங்க. கண் மூடுங்க. விழ வேண்டாம்."

கண்ணை மூடினதும் ஸ்பொஞ்ச் மாரிக்காலத்து வாவியில் தோணியாட்டம் ஆடியது. மீன் பணிசும் சேர்ந்து ஆடியது. அவள் டொக்டரின் தோளைப் பிடித்தாள்.

"இது... ஸ்பொஞ்ச் சரியில்ல மாமி. ஆர் ஏறினாலும் ஆடும்."

"அப்பிடியோ?" என்ற மாமி செருப்பைக் கழற்றினார். டொக்டர் "அம்மா, நீங்க வேண்டாம்..." என்று முடிப்பதற்குள் ஏறிக் கண்ணையும் மூடிவிட்டார். மூன்று செக்கன் சிலைபோல நின்றார். நாலாவது செக்கனில் சிலை டொக்டருக்கு மேல் சரிந்தது. டொக்டர் மேசைக்கு மேல் சரிந்தார். மேசையிலிருந்த கடதாசிகள் அறை முழுக்கப் பறந்தன.

"புள்ள சொன்னது உண்மை," என்றார் மாமி, கொண்டையைச் சரிசெய்தபடி. "ஸ்பொஞ்சுதான் சரியில்ல."

எல்லோருமாகக் கடதாசி பொறுக்கினார்கள். பொறுக்கும்போது டொக்டர் தக்ஷாயினியைப் பார்த்து, "காலமை குளிசை குடிச்சதா?" என்று கேட்டார்.

"விற்றமின்!" என்றாள் அவள், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி. "விற்றமின் குளிசை. குடிச்சிட்டன்."

டொக்டர் கண்ணை இரண்டு தரம் சிமிட்டினார். விற்றமின் என்பதற்குத் தமிழில் வேறேதும் அர்த்தமிருக்குமோ என்று யோசித்திருப்பார். பிறகு உதயரூபனின் பைலை எடுத்தார். திறக்கும்போது மாமிக்கு ஒரு இருமல் வந்தது, சொல்லிமாளாத இருமல். தக்ஷாயினி தண்ணீருக்கு ஓடினாள். பாவம், இந்த வயதில் விழுந்த அதிர்ச்சி.

திரும்பி வந்தபோது உதயரூபன் கோட்டில் நடந்துகொண்டிருந்தான். வலப்பக்கமாய்ச் சரிந்து சரிந்து, கடைசியில் அலுமாரியில் போய் முட்டினான்.

"கணக்கு ரீச்சர்மார் நேர்கோடு கீறுவம்," என்றான் நெற்றியைத் தடவிக்கொண்டு. "நடந்து பழக்கமில்ல."

தக்ஷாயினி வாய்விட்டுச் சிரித்தாள். பெண் பார்க்க வந்த அன்று மேசைவிரிப்பைப் பார்த்தே பேசினவன் இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேரையும் அடுத்த மாதம் கொழும்புக்கு, தலையைப் படம் பிடிக்க, ஒரே வாகனத்தில் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு டொக்டர் புதுக் கடதாசி எடுக்க அடுத்த அறைக்குப் போனார்.

மூன்று பேரும் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் மினுங்கியது. தக்ஷாயினிக்கு ஒன்று கேட்கவேண்டும்போல் இருந்தது.

"வலிப்பு இரிக்கிற ஆக்களை ஆரும் கலியாணம் கட்டுவாங்களா?"

"கட்டினா என்ன?" என்றான் உதயரூபன் உடனே.

"கட்டினா என்னகா?" என்றார் மாமி அவனைவிட வேகமாக. "மருந்தைக் குடிச்சா அதுபாட்டுக்கு இரிக்கும். அவங்களும் மனுசர்தானே!"

தக்ஷாயினியின் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷருக்கா பொய் சொன்னோம்? அம்மா பயந்ததெல்லாம் வீண். போனால் போகட்டும், இப்போதே சொல்லிவிடுவது.

"மாமி, நான் ஒண்டு சொல்லோணும்."

"நானும் உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்," என்றான் உதயரூபன்.

"பொறு மனே, முதல்ல நான் சொல்றன்," என்றார் மாமி.

மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தபோது, வாசலில் தொந்தி பெருத்த ஒரு ஐயா வந்து, தனக்கு ஒரு வருத்தமுமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வந்த ஆள் தான் என்று பெருமையாகச் சொன்னார். கதவடியில் பேர்ப்பட்டியலோடு நின்ற ஊழியர் ஹலீம் நானா அவரை மறித்தார்.

"சுகமான ஆக்களுக்கு நாள் வியாழக்கிழமை, ஐயா! இண்டைக்கு வலிப்பு வருத்தக்காரர் மட்டுந்தான், ரெண்டே ரெண்டு பேர், ரெண்டு பேரும் வந்து உள்ளுக்க இரிக்காங்க."