சம்பந்தி கொடுத்த சத்தமில்லாத கார்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் வீட்டு மருமகளின் தகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், எல்லோருக்கும் மேலாக பிறந்து மூன்று வாரமே ஆன நம் பேத்தியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது வரும் போன்களின் தரம் ரொம்பக் குறைந்துவிட்டது. எதிரில் பேசுகிறவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுவதுபோல் இருக்கிறது. அதனால் எழுதிவிடுவதுதான் எனக்கு வசதி.

முதலில் நன்றி. பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எங்கள் பழைய கார் பாதி மேட்டில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டதையும், நாங்கள் வந்து சேர மறுநாள் ஆனதையும், "பேத்தி வீட்டுக்குள்ள நுழையறதைப் பார்க்கக் குடுத்து வைக்கலையே" என்று என் வீட்டுக்காரி உங்கள் வாசலிலேயே அழுததையும் பார்த்துவிட்டு, "என்கிட்ட ரெண்டு வண்டி இருக்கு சம்பந்தி, இந்த ஹைபிரிடைப் பத்து நாள் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா நீங்களே வெச்சுக்கங்க, விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று தாங்கள் சாவியை என் கையில் திணித்தீர்களே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெண்ணைப் பெற்றவனிடம் கார் கேட்கும் சம்பந்திகளைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. கார் கொடுக்கும் சம்பந்தி எனக்குத்தான் வாய்த்தார். அதோடு பேத்தியின் குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு நாள் உங்கள் வீட்டில் இருந்தோம், குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. அவ்வப்போது வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து மூடினாள், கொட்டாவி என்று நினைக்கிறேன். இந்த அடக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. எல்லாம் உங்கள் குடும்பத்துச் சொத்து.

இனி கார். என் தொழில் தங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திநாலு வருஷம் ஜெனரேட்டர் ஆபரேட்டர். கரண்ட் போனால் எட்டு விநாடிக்குள் ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு எரிய வேண்டும், எரிந்தது, என் காலத்தில் ஒரு நாளும் ஒன்பதாவது விநாடி ஆனதில்லை. அந்த அறையில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் மெயின் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு லைனில் சேரவே கூடாது, சேர்ந்தால் ஜெனரேட்டரும் இருக்காது, ஆபரேட்டரும் இருக்கமாட்டான். இப்படி வளர்ந்தவனிடம் போய், பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் ஒரே காருக்குள் இருக்கின்றன, தேவைப்பட்டால் இரண்டும் சேர்ந்தே இழுக்கும், எப்போது எது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும் என்றால் அவன் நம்புவானா? உங்கள் தெருமுனை திரும்பியதுமே ஓரமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியில், டிக்கியில், மிதியடிக்குக் கீழே எல்லாம் அந்தச் சுவிட்சைத் தேடினேன். இல்லை. இரண்டு பேரை ஒரே வேலைக்குப் போட்டுவிட்டு நடுவில் மேஸ்திரி வைக்கவில்லை!

அடுத்த சங்கடம், வண்டி கிளம்பியதா இல்லையா என்றே தெரியாதது. பட்டனை அழுத்தினேன், சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன், இல்லை. அப்படி ஏழு தடவை. போட்டது எத்தனை, அணைத்தது எத்தனை என்று எனக்கே கணக்குத் தப்பிப்போய், கடைசியில் கியரைப் போட்டால் வண்டி பாட்டுக்கு நகருகிறது. வீட்டுக்கு வந்ததும் பேட்டரிக்குச் சார்ஜ் போடலாம் என்று பிளக்கைத் தேடினேன், அதுவும் இல்லை. என் வீட்டுக்காரி ஹாலிலிருந்து வாசல்வரை எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள், செருக இடம் இல்லை. பிறகு புத்தகத்தைப் படித்துத்தான், இதற்குச் சார்ஜ் போடவே வேண்டாம், ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தானே ஏற்றிக்கொள்ளும் என்று தெரிந்தது. மூன்றாம் நாள் பக்கத்துவீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்து, "சார், உங்க கார் ஆளே இல்லாம தானா உறுமுது சார்!" என்றார். போய்ப் பார்த்தால் விளக்கு எரிகிறது, அணைக்க மறந்திருக்கிறேன், அது என் தப்பு. ஆனால் உறுமலா? நான் பக்கத்திலேயே நின்றேன், ஒரு முனகல்கூட இல்லை. தையல்காரருக்கு மிஷின் ஓட்டி ஓட்டிக் காதில் ஏதோ ஆகியிருக்க வேண்டும், பாவம்.

குறையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நிறை நிறைய இருக்கிறது. இந்தக் காரில் போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரனே அடிப்பதில்லை, அவ்வளவு மரியாதை. பழைய காரில் போனால் சிக்னலில் நம்மை முறைக்காத ஆள் கிடையாது, இதில் போனால் எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள், போகும்போது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி வணக்கம்வேறு சொல்கிறார்கள். இன்னொன்று, சீட் அவ்வளவு சுகம், என் வீட்டுக்காரி ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை பேச்சே இல்லை. வீட்டில் எதிரே உட்கார்ந்து அவ்வளவு பேசுகிறவள் காரில் மௌனவிரதம் ஏன் என்று எனக்கே ஆச்சரியம். சில நாள் இறங்கும்போது அவள் முகம் வாடியிருந்தது, தூக்கக் கலக்கமாக இருக்கும்.

ஆனால் சம்பந்தி, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைச் சொல்லத் தெரியாதவன் நான். உங்கள் மகனிடம் குறை கண்டுபிடிக்க எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை. காரில் ஒரே ஒரு குறை. அதன் பெட்ரோல் இன்ஜின் செத்துப்போய்விட்டது. பத்து நாளில் ஒரு நிமிஷம்கூட அது ஓடி நான் கேட்கவில்லை. மேடு ஏறும்போதும் இல்லை, வேகமாகப் போகும்போதும் இல்லை. வண்டி பேட்டரியிலேயே ஓடுகிறது, பாவம், ஒற்றை ஆளாகச் சுமக்கிறது. திரையில் மட்டும் இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு அம்புக்குறி போகிறது. படம் போட்டுக் காட்டுவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் போடலாம். அதைவிடப் பெரிய கவலை, ஓடாத இன்ஜினுக்கு ஊற்றிய பெட்ரோல் பாதி காணோம்! ஒழுகுகிறதோ என்று வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. அப்புறம்தான் எங்கள் பழைய காரை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்கிடம் போனேன். எல்லோரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "இன்ஜின் இப்ப ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு" என்றான். நான் சிரித்துவிட்டேன். "என்கிட்டயேவா? முப்பத்திநாலு வருஷம் இன்ஜின் பக்கத்துல உக்காந்தவன்டா நான்" என்றேன். அவன் என் கையைப் பிடித்து இன்ஜின்மேல் வைத்தான். நடுங்கியது வாஸ்தவம்தான். ஃபேன் சுற்றினால் நடுங்காதா? "சார், ஊருக்குள்ள நின்னு நின்னு போறவங்களுக்கு ஹைபிரிட் நல்ல லாபம். ஒரே ஓட்டமா ஹைவேயில போறவங்களுக்கு அவ்வளவா வித்தியாசம் தெரியாது. நீங்க மக வீட்டுக்குப் போற வழியில பாதி டவுன் நெரிசல்தானே, தாராளமா வாங்கலாம்" என்றான். அப்புறம் குனிந்துகொண்டே இன்னும் ஏதோ வாயசைத்தான். நல்ல பையன், ஆனால் இந்த மாதிரி வண்டி அவனுக்குப் புதுசு.

ஆகவே என் முடிவு இது. இந்தக் காரை நான் வாங்கப்போவதில்லை. தாங்களும் தயவுசெய்து இதை ஓட்ட வேண்டாம், பேட்டரியும் நின்றுவிட்டால் நடுரோட்டில் மாட்டிக்கொள்வீர்கள். சுமை லாரி ஒன்றைப் பிடித்து அதில் ஏற்றித் திருப்பி அனுப்பிவைக்கிறேன். பேத்தியைப் பார்க்கப் பஸ்ஸில் வருகிறோம், நாலு பஸ் மாறினாலும் வந்துவிடுவோம். தங்கள் பெரிய மனசுக்கு என் நன்றி இம்மியும் குறையாது. சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசியும், வாயைத் திறக்காத என் பேத்திக்கு ஆயிரம் முத்தமும்.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
சம்பந்தி

பி.கு.: மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம்.

கவரை ஒட்டுவதற்கு முன் என் வீட்டுக்காரி வழக்கம்போலக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். முதலில் சிரித்தாள். மௌனவிரதம் என்று எழுதிய இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏங்க, வழி பூரா நான் பேசிக்கிட்டேதானே வந்தேன்?" என்றாள். "பழைய வண்டியில, சத்தத்துல உங்களுக்குக் கேக்கலைன்னு நினைச்சுப்பேன். இந்த வண்டியில சத்தமே இல்லையே, அப்பவும் நீங்க பதில் சொல்லலை. கார் கார்னு நச்சரிச்சேன்ல, அந்தக் கோபத்துல பேசாம வர்றீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள். பத்து நாளாக அவள் அதை மனசில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள், சம்பந்தி. வீட்டில் எதிரே உட்கார்ந்தால் அவள் உதட்டைப் பார்த்தே நான் பாதி புரிந்துகொண்டிருக்கிறேன், காரில் ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்ததால் குட்டு வெளிப்பட்டது.

மறுநாளே காது டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் காதைச் சோதித்து ஒரு கிராஃபைக் காட்டினார், எங்கள் பழைய கார் மேட்டில் நின்ற மாதிரி பாதியிலேயே கோடு கவிழ்ந்து கிடந்தது. "முப்பத்திநாலு வருஷமும் காதுல பஞ்சுகூட வெச்சுக்கலையா?" என்று கேட்டார். "வெச்சுக்கிட்டா ஜெனரேட்டர் சத்தம் மாறினா எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தி அனுப்பினார்.

வெளியே வந்து காரில் ஏறிப் பட்டனை அழுத்தினேன். "இன்ஜின் இன்னும் கிளம்பலை, இப்ப ஓடுறது பேட்டரி" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மேட்டில் ஏறியதும் முன்னாலிருந்து உர்ரென்று எழுந்தது பாருங்கள், நல்ல ஆரோக்கியமான இன்ஜின், ஒரு பிசிறு கிடையாது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேட்டரியிலிருந்து பெட்ரோலுக்கு எப்போது மாறியது என்று கையாலும் உணர முடியவில்லை, அவ்வளவு நேர்த்தியான சேஞ்ச்ஓவர், எட்டு விநாடி எதற்கு, அரை விநாடி ஆகியிருக்காது. பின்னால் வந்த அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள், எனக்கு எந்த மரியாதையும் இல்லை என்று தெரிந்தது. ஆட்டிய கைகளும் வணக்கம் இல்லையாம். பக்கத்திலிருந்து "இண்டிகேட்டர் போடுங்க, அந்த லாரியைப் பாருங்க" என்று வீடுவரை ஒரே பேச்சு. எவ்வளவு நல்ல குரல் தெரியுமா அவளுக்கு? நான் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. தையல்காரரிடமும் ஸ்பேனரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். "அப்படியே அனுப்புங்க, அவங்களும் சிரிக்கட்டும்" என்கிறாள்.

காரை நானே வாங்கிக்கொள்கிறேன். ஸ்பேனர் சொன்ன லாபம் இருக்கட்டும், அது இல்லாவிட்டாலும் வாங்குவேன். இத்தனை அமைதியான ஒரு வண்டியை நீங்கள் கொடுத்திருக்காவிட்டால், எனக்குக் கேட்கவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. என் வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்காது.

கடைசியாக ஒன்று. நேற்று மகள் போன் செய்தாள். பின்னணியில் காதைப் பிளக்கும் ஒரு கூச்சல். "அங்க என்னம்மா, தண்ணி மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டேன். "உங்க பேத்திதான்ப்பா. பொறந்த நாளிலேருந்தே இப்படித்தான். நீங்க வந்திருந்த ரெண்டு நாளும் யாரும் தூங்கலை, உங்களைத் தவிர" என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனசே வரவில்லை. சம்பந்தி, வரும் ஞாயிறு காலை உங்கள் காரிலேயே, மன்னிக்கவும், எங்கள் காரிலேயே வருகிறோம். வாசலுக்கு நாங்கள் வந்து சேரும்போது அவள் அழுதுகொண்டிருந்தால், தயவுசெய்து யாரும் தூக்கிச் சமாதானப்படுத்திவிடாதீர்கள். நான் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்.