அறுபது பாகையில் சுருங்கிய கொமாண்டோப் படை

சில்க்போர்க்
ஏப்ரல் 19

என் பெருமதிப்புக்குரிய பஸ்தியாம்பிள்ளை மாமாவுக்கு, உங்கள் தங்கை அருள்நாயகியின் மகள் சாரங்கி வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் என்று ஒன்று எழுதுவதற்கே முதலில் என்னை மன்னிக்க வேண்டும். தொலைபேசியில் எடுத்திருக்கலாம். ஆனால் நான் எடுத்தால் மாமி ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார், பிறகு எனக்கு "ஓம் மாமி, சுகம் மாமி" என்பதற்கு மேல் ஒன்றும் வாயில் வராது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதும் ஒரு வசதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நாங்கள் மூவரும் இங்கே சுகம். உங்கள் புதிய முழங்கால் உங்களுடன் பழகிவிட வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் மன்றாடுகிறார். உங்களிடம் கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பட்டமளிப்பு விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்று அப்பா மண்டபம் எடுத்து இருநூறு பேரைக் கூப்பிட்டார். நீங்கள் கையில் பாதி கடித்த ஒரு றோல்ஸோடு, "வரலாறோ? செத்த ஆக்களைப் பற்றிப் படிச்ச பிள்ளைக்கு உயிரோட இருக்கிறவன் எவன் வேலை குடுப்பான்?" என்று கேட்டீர்கள். அப்பா, "மச்சான், அந்த றோல்ஸை வைச்சிட்டுக் கதையுங்கோ" என்றார். நீங்கள் றோல்ஸை வைத்துவிட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு கோப்பன்ஹேகனுக்கு ரயிலேறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக நீங்களும் அப்பாவும் கதைக்கவில்லை. இதை நான் நினைவூட்டுவதற்குக் காரணம், செத்த ஆக்களைப் பற்றிப் படித்த எனக்கு இங்கே ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் ஆறு மாதப் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. அது மே கடைசியில் முடிகிறது. அதை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று மே ஐந்தாம் திகதி நிகழ்ச்சியை வைத்துத்தான் முடிவு செய்வேன் என்று தலைவி கியர்ஸ்டன் சொல்லியிருக்கிறார்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் திகதி பின்னேரம், உலகப் போரில் நாடு விடுதலையான நினைவாக, நாடு முழுக்க யன்னலில் மெழுகுதிரி வைப்பார்கள், அம்மாவும் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இரண்டு வைப்பார், அது உங்களுக்குத் தெரிந்ததே. அடுத்த நாள் எங்கள் அருங்காட்சியகத்தில் இந்த ஊர் ஆண்கள் கழகம் ஒன்று, ஆங்கிலேயக் கொமாண்டோக்கள் நாலு பேர் ரப்பர் படகில் ஏரிக்கரையில் வந்து இறங்குவதை நடித்துக் காட்டும். அப்படியொரு தரையிறக்கம் எங்கள் ஊரில் நடக்கவே இல்லை. அது கழகத்துக்கும் தெரியும், கியர்ஸ்டனுக்கும் தெரியும், பார்க்க வருகிற சனத்துக்கும் தெரியும். நடக்காத சண்டையில் இறங்குகிறவர்களின் பொத்தான் மட்டும் அசலாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை.

கழகத் தலைவர் பிரெபன் ஓய்வுபெற்ற பல்வைத்தியர். எந்தப் பொத்தானையும் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல வெளிச்சத்துக்குப் பிடித்துத்தான் பார்ப்பார். அவர்கள் முதலில் வாங்கிய நாலு மேற்சட்டையிலும் பொத்தான்கள் மடிப்புக்குள் மறைந்திருந்தன. அவர்கள் நடிக்கப்போகிற வருடத்துக்குப் போர்ச் சிக்கனத்தில் மடிப்பைக் குறைத்துத் தைத்த சட்டைதான் பொருந்தும், அதில் பொத்தான் வெளியே தெரிய வேண்டும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அதைச் சொல்ல இரண்டு கிழமை எடுத்தது. கடைசியில் பக்கத்து அறையில் இருந்துகொண்டு மின்னஞ்சல் எழுதினேன். பிரெபன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இங்கிலாந்தில் ஒரு கடையில் ஆளுக்கு ஆள் அளவு கொடுத்து, முழுக் கம்பளியில், புதிதாகத் தைப்பித்தோம். அது வந்து சேர மூன்று மாதம்.

அடுத்தது சட்டைக் கையில் தைக்கிற சின்னம். கருநீல வட்டத்துக்குள் சிவப்பு நூலில் ஒரு நங்கூரம், ஒரு துப்பாக்கி, அவற்றுக்கு மேலே ஒரு கழுகு. கழுகு முன்பக்கம் பார்க்க வேண்டுமா பின்பக்கம் பார்க்க வேண்டுமா என்று கேக்கும் கோப்பியுமாக மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் கையுயர்த்தி வாக்கெடுத்து, முன்பக்கம் என்று தீர்மானமானது. இதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல், "பின்னுக்குப் பாக்கிற கழுகுதான் உயிர் தப்பும்" என்றார். பிறகு, "எங்கட காலத்திலை ஆர் பிள்ளை பொத்தான் பாத்தது? சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் ஓடுறதெண்டு முடிவெடுத்திடுவம்" என்றார். அந்தத் தகவலுக்குக் கழகத்தின் கோப்பில் இடம் இல்லை.

சின்னங்களைத் தைக்கச் சட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன, அம்மாவுக்குத் தையல் நன்றாக வரும் என்பதால். பருத்தி நூல்தான் பாவிக்க வேண்டும், நைலோன் கூடாது, ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்று நான் சொன்னேன். "இதை ஆர் கிட்ட வந்து எண்ணிப் பாக்கப்போறது?" என்று அம்மா கேட்டார். பிரெபன் என்றேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து எண்ணினார். எட்டு இருந்தது. அம்மாவுக்கு அன்று முழுவதும் வெற்றிலை போட்ட முகம்.

இனித்தான் துன்பம். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரவல் உடுப்பை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களுக்கு அவமானம். மாமியின் கூறைச்சேலையை ஒருமுறை வாங்கிக் கட்டிவிட்டு, அதைத் தோய்ப்புக் கடையில் கொடுத்து, மடித்து, ஒரு பெட்டி பலகாரத்தோடு அம்மா அனுப்பினாரே, அதே வழக்கம்தான். நாலு சட்டையும் பிரெபனிடம் திரும்பிப் போகிற நாளுக்கு முதல் நாள் அம்மா அவற்றை எடுத்து, வாசனைத் திரவம் விட்டு, இயந்திரத்தில் அறுபது பாகைச் சூட்டில் தோய்த்து, உலர்த்தியிலும் போட்டுவிட்டார். வெளியே வந்தவை சட்டையும் இல்லை, கால்மிதியும் இல்லை. மேசையில் வைத்தால் தாங்களாக நின்றன. அப்பா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "உது கோயிலிலை முதல்நன்மை எடுக்கிற சின்னப் பிள்ளையளுக்குத் தைச்சதோ?" என்றார். கழுகு நாலும் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பிரெபனும் கியர்ஸ்டனும் நேரே வீட்டுக்கு வந்தார்கள். பிரெபன் ஆறடி இரண்டங்குலம். சட்டைக்குள் ஒரு கையை விட்டார், பிறகு மற்றக் கையை விட்டார், அதன் பிறகு கைகளைக் கீழே இறக்க முடியாமல், நித்திரையில் நடக்கிற மனிதரைப் போல எங்கள் வரவேற்பறையின் நடுவில் நின்றார். நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து எடுத்தோம். கியர்ஸ்டன் என்னைப் பார்த்தார். நான் தரைவிரிப்பைப் பார்த்தேன். அப்போது அம்மா தன்னுடைய டேனிஷில், "தோய்த்தது நான். எங்கள் மனிதர்கள் இரவல் உடுப்பைத் தோய்க்காமல் திருப்பிக் கொடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டில் சுடச்சுடப் பொரித்த வாய்ப்பன் கொண்டுவந்து வைத்தார்.

மாமா, கியர்ஸ்டனின் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகான வழக்கம் என்றார். குறிப்புக் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய சட்டைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இது சட்டையை விடப் பெரிய கண்டுபிடிப்பு, இதற்கு மண்டபத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும், வாசகத்தை நீயே எழுது என்று என்னிடம் சொன்னார். ஊழியர் ஒருவர் கெடுத்திருந்தால் அது பிழை. ஒரு சமூகம் கெடுத்தால் அது பண்பாடாம்.

பிரெபன் இதற்குள் அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை அளந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: போர்க்காலத்தில் ஆட்கள் மெலிந்தவர்கள், குட்டையானவர்கள், பசித்தவர்கள். எங்கள் கழகத்தில் எல்லோரும் நூறு கிலோ. பத்து வருடமாக நாங்கள் செய்துவந்த பெரிய பிழை எங்கள் உடம்புதான். உங்கள் இயந்திரம் சட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

சட்டையைப் போட்டு நடிக்க வருவாரா என்று அப்பாவைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நாப்பது வருசத்துக்கு முந்தி ஊரிலை உப்பிடி உடுப்புப் போட்ட ஆமிக்காரரைக் கண்டு பனங்காணிக்குள்ளாலை ஓடினனான். இப்ப நானே போட்டுக்கொண்டு ஆரைத் துரத்துறது? கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா. என்ன சொல்கிறார் என்று பிரெபன் கேட்டார். யோசிக்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

அவர்கள் போன பிறகு அப்பா ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். அரை மணித்தியாலம் கதவு திறக்கவில்லை. நானும் அம்மாவும் கதவுக்கு வெளியே நின்றோம். வெளியே வந்தபோது எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தது. முகம் கழுவியிருந்தார். "ஏனப்பா, கண் சிவந்து கிடக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "சவர்க்காரம்" என்றார். பிறகு என்னிடம், "சரி பிள்ளை. கழுகு முன்னுக்குப் பாக்கட்டும். நான் பின்னுக்குப் பாத்துக்கொள்ளுறன். ஆனால் கை மடிப்பு அயன் பண்ணாமல் நான் சபைக்கு வரமாட்டன்" என்றார்.

இப்போது தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்கிற ஜெசிந்தன் ஒரு சட்டையிலும், மேல்மாடிக் கந்தையா அங்கிள் இன்னொன்றிலும் சேர்ந்துவிட்டார்கள். கழகத்து ஆட்கள் படகு தள்ளுகிறார்கள். முதல் ஒத்திகையில் அப்பா சேற்று முகத்தோடு கரையில் பதுங்கி ஏறி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவைக் கண்டு, கையைத் தூக்கி, முதுகு வருத்தம் எப்படி என்று விசாரித்தார். கொமாண்டோ அப்படிச் செய்யக் கூடாது என்றார் பிரெபன். "தெரிஞ்ச சனத்தைக் கண்டிட்டுச் சுகம் கேளாமல் எப்பிடிப் போறது?" என்று அப்பாவுக்குக் கோபம். அந்த விடயம் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது.

ஆகவே மாமா, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. உங்களைச் சுகம் கேட்டதாக எழுதும்படி அப்பா சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்னை மரியாள் உங்களையும் மாமியையும் அந்தப் புதிய முழங்காலையும் தன் அடைக்கலத்தில் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள் மருமகள்,
சாரங்கி

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்று பொய். அம்மா பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். அவர் நித்திரையில்கூடக் கம்பளியை அறுபதில் போடமாட்டார். உங்களுக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும், மரியாதைக்காகத் தொடர்ந்து வாசித்திருப்பீர்கள்.

போட்டது நான். சட்டைகள் கடைப் புதிதாக மினுங்குகின்றன, கொஞ்சம் பழசாக்க வழி பார் என்று பிரெபன் கேட்டிருந்தார். ஒருமுறை தோய்த்தால் மினுக்கம் போகும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. எத்தனை பாகையில் என்பது அடிக்குறிப்பில் இருந்தது. என் வாழ்நாளில் நான் வாசிக்காமல் விட்ட ஒரேயொரு அடிக்குறிப்பு அதுதான். அம்மா கடைக்குப் போய் வந்து இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு அவை வந்து கேட்டால் நீ வாய் திறவாதை" என்று மட்டும் சொன்னார். வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் புதிதல்ல, ஆனால் அன்றைக்குப் போல் ஒருநாளும் கூசவில்லை.

நான் எழுதிய வாசகம் அச்சுக்குப் போய்விட்டது. ஐந்தாம் திகதி அந்தப் பலகையைத் திறந்து வைத்து, அம்மாவை முன்னால் கூப்பிட்டுப் பூச்செண்டு கொடுக்கப்போகிறார்களாம். பொத்தான் அசல், நூல் அசல், கழுகு அசல். அந்த மண்டபத்தில் போலியாக இருக்கப்போவது அந்தப் பலகை ஒன்றுதான், அதன் கீழே இருக்கப்போவது என் பெயர். ஆகவே பலகையைத் திறக்க முதல், ஒலிவாங்கியைப் பிடித்து, தோய்த்தது நான்தான் என்று டேனிஷில் சொல்லப்போகிறேன். முன்னால் இருநூறு பேர் இருப்பார்கள். வேலை போகலாம். போனால் அன்று நீங்கள் சொன்னது சரியாகிவிடும், அதைச் சொல்லிக்காட்ட நீங்கள் நேரில் இருப்பதுதான் முறை.

நாலாவது சட்டைக்கு இன்னும் ஆள் இல்லை. பிரெபன் யாரையாவது தெரியுமா என்று கேட்டதற்கு அப்பா, யாரும் தூண்டாமல், "என்ர மச்சான் ஒருத்தர் கோப்பன்ஹேகனிலை இருக்கிறார். அளவான ஆள்" என்று சொன்னார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன், அன்றைக்கு ஒரு சொல்லும் மாற்றவில்லை. உங்களைக் கேட்க அவருக்குக் கூச்சம். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். முழங்காலைப் பற்றி யோசிக்க வேண்டாம். பிரெபனுக்கும் மாற்றியதுதான், அதனால் எங்கள் கொமாண்டோக்கள் படகிலிருந்து குதிப்பதில்லை, கைபிடித்து இறங்குவார்கள். முன்வரிசையில் அந்தச் சட்டையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றால், உங்களைப் பார்த்துக்கொண்டு நான் சொல்லிமுடித்துவிடுவேன். நீங்கள் இல்லாவிட்டால் அந்த ஒலிவாங்கியில் "ஓம் மாமி, சுகம் மாமி" என்பதுதான் வரும்.

உங்கள் நெஞ்சளவை உடனே எழுதி அனுப்புங்கள். மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு அளந்தாலும் பரவாயில்லை. முப்பத்தெட்டு அங்குலத்துக்கு மேலே என்றால், மாமா, இன்றைக்கே இடியப்பத்தில் இரண்டைக் குறையுங்கள், இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.