கூட யாரு வந்திருக்காங்க?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இங்கு அனைவரும் என்றால் நான் ஒருத்திதான். எனக்கோ பித்தப்பையில் கல் இருக்கிறது. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அறைக்குள் யாராவது ஃபைலோடு நுழைந்துவிடுகிறார்கள். கடிதத்துக்குள் யாரும் நுழைய முடியாது. கல் என்றதும் பதறாதே. சின்னக் கல்தான். இதைப் படித்துவிட்டு லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டிய அவசியமே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் உன் ஆஸ்பத்திரியைப் பற்றியது. உன் ஆஸ்பத்திரி என்று சொல்லலாம்தானே? சுகாதாரத் துறையின் திட்டப் பிரிவில் உட்கார்ந்து, எங்கள் புறநகரில் வருடா வருடம் எத்தனை வீடு முளைக்கிறது, எத்தனை பிள்ளை பிறக்கிறது, எத்தனை பேருக்கு ஒரு படுக்கை வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, அரசாங்கத்தை மசியவைத்துப் பணம் வாங்கிக் கட்டியவன் நீதான். கல்லூரியில் பொது முதலீடு என்ற பாடத்தைக் காலங்காலமாக நடத்தி வருகிறவள் என்ற தகுதியில், அது வரவே வராது என்று உன்னிடம் சாதித்தவள் நான். அடிக்கல்லைச் சுற்றிப் புல் மண்டி, அதன் மேல் யாரோ துணி காயப்போட ஆரம்பித்தபோது, ஒளிப்பானேன், எனக்கு உள்ளூரத் திருப்தியாகவே இருந்தது. பிறகு திடீரென்று கிரேன் வந்தது, கண்ணாடி வந்தது, நான்கு மாடி வந்துவிட்டது. திறப்பு விழாவில் நீ மேடையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் கூட்டத்தின் கடைசியில் நின்று கையசைத்தேன். நீயும் அசைத்தாய். எனக்கா, எனக்குப் பின்னால் நின்ற கான்ட்ராக்டருக்கா என்று தெரியவில்லை. விழா முடிந்ததும் எல்லோரோடும் காரில் ஏறிப் போய்விட்டாய். என் வீடு நாலு தெரு தள்ளி இருப்பது அந்த அவசரத்தில் உனக்கு நினைவு வந்திருக்காது. வந்திருந்தாலும் வீட்டில் பால் இல்லை.

வலி வந்த அன்று வேறு வழியில்லாமல் அங்கேயே போனேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினேன். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. கழிப்பறைக் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் விழுந்தது. லிஃப்டில் ஏறினேன், மேலே போயிற்று. ஸ்கேன் எடுத்த பெண் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றதோடு நிறுத்தாமல் "இப்ப விடுங்க" என்றும் சொன்னாள். பழைய ஆஸ்பத்திரியில் இந்த இரண்டாவதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சர்ஜன் என் மாணவி வயதில் ஒரு பெண். "சின்ன ஆபரேஷன்தான் மேடம். கல்லோட சேத்துப் பையையும் எடுத்துடுவோம். சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சிரித்தாள். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருட அவநம்பிக்கையை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்வது? நல்லவேளையாக வார்டு சிஸ்டர் வந்தார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"நான்தான் வந்திருக்கேன்."

"நீங்க பேஷன்டும்மா. உங்க கூட யாருன்னு கேக்கறேன். வீட்டுக்காரர்?"

"இல்ல."

"வெளிய போயிருக்காரா?"

"கல்யாணமே ஆகல."

சிஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என்னைப் புதிதாக ஒரு முறை பார்த்தார். "கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. தலைநகர்ல பெரிய வேலைல இருக்கான். அவனால வர முடியாது. இந்த ஆஸ்பத்திரியக் கட்டினதே ஒரு விதத்துல அவன்தான்."

"அப்படியா! அப்ப ரூல் அவருக்கே தெரியுமேம்மா. கூட ஆள் இல்லாம தியேட்டருக்குள்ள விட மாட்டோம்."

தெரியுமா உனக்கு? தெரிந்துதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு நாற்காலி, தரையோடு போல்ட் அடித்து வைத்திருக்கிறது. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. மயக்கம் தெளியும்போது பேர் சொல்லிக் கூப்பிட, மருந்து வாங்க ஓட, தலைமாட்டில் பையைக் காவல் காக்க ஓர் ஆள் அதில் உட்கார்ந்திருப்பார் என்பது உங்கள் துறையின் அனுமானம். படுக்கை அரசாங்கம் தரும், டாக்டரை அரசாங்கம் தரும், நாற்காலியையும் தரும். நாற்காலியில் உட்காரும் ஆளை மட்டும் நாம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பொருளாதாரத்தில் இதற்குப் பயனாளியின் பங்களிப்பு என்று பெயர். மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சரி, ஆள் தேடலாம் என்று கிளம்பினேன். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவரை ஒருவருக்குப் பேரால் தெரியாது, புகாரால் தெரியும். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் சங்கிலியை எடுக்காமலே, "ப்ளம்பருக்குச் சொல்லியாச்சு மேடம், நாளைக்கு வந்துடுவான்" என்று சொல்லிச் சாத்திவிட்டார். கீழ்வீட்டில் வண்டியை நகர்த்தி நிறுத்திவிடுவதாக உறுதி கொடுத்தார்கள். கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் உட்காரும் வரலாற்றுக்காரி, "அய்யோ மேடம், கட்டாயம் வந்திருப்பேன்" என்றாள். தேதியை நான் இன்னும் சொல்லவே இல்லை. கடைசியில் பாக்கியிருந்தது மேல்வீட்டுத் தையல்காரம்மா ஒருத்திதான். அவளுக்கும் எனக்கும் நெடுநாள் பகை. அவள் மிஷினை ஓட்டினால் என் தலைக்கு மேல் ரயில் போவது போல இருக்கும். நான் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பேன். அவள் மிதியை இன்னும் ஓங்கி மிதிப்பாள். நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. படியேறிப் போய், விஷயத்தை ஒப்பித்துவிட்டு, திரும்பி இறங்குவதற்கு வசதியாக ஒரு காலைப் படியிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, "காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றாள். படியில் வைத்திருந்த காலையும் மேலே எடுத்துவைத்தேன்.

இனிமேல்தான் கூத்து. சொன்ன நாளில் இருவரும் போனோம். எனக்கு முதல்நாள் ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர் கூடக் கிடையாது. கையில் பட்டை கட்டி, பின்பக்கம் முடிச்சுப் போடும் அந்த அங்கியையும் மாட்டிவிட்டார்கள். தையல்காரம்மா அங்கியைப் பிடித்துப் பார்த்து, "யாரு தச்சதோ, தையலே நேரா இல்ல" என்று முகம் சுளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். புது ஆஸ்பத்திரி, புது நர்சுகள், எல்லாம் புதுக் கருவிகள். கூட்டம் இன்னும் சேரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காத ஒரு சின்னப் பெண், எனக்கு ரத்த அழுத்தம் பார்த்த கையோடு, "நீங்களும் கைய நீட்டுங்கக்கா, சும்மா பாப்போம்" என்று தையல்காரம்மாவுக்கும் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வேறு கருவியைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு ஓடினாள். நாலு பேர் வந்தார்கள். "எப்படிம்மா இவ்வளவு பிரஷர வச்சுக்கிட்டு நடந்து வந்தீங்க?" என்றார் டியூட்டி டாக்டர். "ஆட்டோல வந்தோம்" என்றாள் அவள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் பக்கத்துப் படுக்கையில் அவளைப் படுக்கவைத்துவிட்டார்கள். உடனே சிஸ்டர் வந்தார்.

"இவங்க கூட யாரு?"

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. தையல்காரம்மா படுத்தபடியே என்னைக் கை காட்டினாள். "இவங்கதான்."

"சிஸ்டர், நான் பேஷன்ட்" என்றேன்.

"உங்க கூட யாரு?"

"இவங்கதான்."

சிஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தருக்கொருத்தர் கூட இருக்க முடியாதும்மா. யாராவது ஒருத்தர் எழுந்திரிங்க" என்றார். கல் காத்திருக்கும், பிரஷர் காத்திருக்காது என்பது சர்ஜனின் தீர்ப்பு. மறுக்க முடியவில்லை. என் கைப்பட்டையைக் கத்தரித்தார்கள், அங்கியைக் கழற்றச் சொன்னார்கள், கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சற்று நேரத்தில் பேஷன்டுக்குச் சாப்பாடு வந்தது. தட்டு நிறைய, சூடாக. கூட இருப்பவர்கள் கேன்டீனில் சாப்பிட வேண்டும் என்றார்கள். கேன்டீன் எங்கே என்று கேட்டேன். அது இரண்டாம் கட்ட முதலீட்டில் வருகிறதாம். தையல்காரம்மா தட்டிலிருந்து ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள். "தின்னுங்க. எப்படியும் ஆபரேஷன் இல்லன்னு ஆயிடுச்சு." வாங்கித் தின்றேன்.

அவள் வீடு திரும்பும் வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். கல்லூரிக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல், உடல்நிலை சரியில்லை என்று சொன்னேன், அது உண்மையும்கூட. அவளைப் பார்க்க வந்தவர்களை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் புறநகரில் பாதிப் பேர் சட்டை அவள் தைத்ததுதான் போலிருக்கிறது. பள்ளிச் சீருடைக்காரர்கள், கல்யாண வீட்டார், பழைய பேன்டை இறுக்கித் தரக் கேட்கிறவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். நர்ஸ் பேஷன்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றதால் எல்லோரும் அளவை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். என் எதிர்வீட்டுக்காரரும் வந்தார். இடுப்பளவைச் சொல்ல ஆரம்பித்து, என்னை அடையாளம் கண்டு, பாதியில் நிறுத்திவிட்டார். "நீங்க இவங்களுக்கு அக்காவா?" என்று ஒரு பெண் கேட்டாள். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு ஆமாம் என்றேன். தூங்குவதாக நான் நினைத்திருந்த தையல்காரம்மா கண்ணைத் திறக்காமலே, "ஆமா, பெரியக்கா. ரொம்பக் கண்டிப்பு. கூரைய இடிச்சே ஆளக் கொன்னுடும்" என்றாள். வார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்க்க ஆரம்பித்து, யோசனை போகிற திசை பிடிக்காமல் நிறுத்திவிட்டேன்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள். கொஞ்ச நாளைக்கு யாருக்காகவும் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆக அந்தக் கதவும் சாத்தியாயிற்று. நான் விடைத்தாள் திருத்துகிற நேரம் தெரிந்துகொண்டு மிஷினையும் நிறுத்திவிடுகிறாள். வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது. நேற்று பொறுக்க முடியாமல் துடைப்பக்கட்டையை எடுத்துக் கூரையை இடித்தேன். மேலேயிருந்து, "ஓட்டலியேக்கா!" என்று சத்தம் வந்தது. "அதான் கேக்கறேன், ஏன் ஓட்டல?" என்று கத்தினேன். பிறகுதான் ஓட்டினாள்.

ஆகவே தம்பி, இந்தக் கடிதத்தை ஒரு பொதுமக்கள் கருத்தாக எடுத்துக்கொள். இரண்டாம் கட்டத் திட்டம் உன் மேஜையில் இருக்கும் என்று பேப்பரில் படித்தேன். இன்னும் படுக்கைகள், இன்னும் கருவிகள் என்று போட்டிருந்தது. நல்லதுதான். கட்டிய வரை குறை சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன். ஆனால் வளர்கிற ஊர் என்று நீங்கள் எழுதுவது, வேலைக்காகவும் வாடகைக்காகவும் தனித்தனியாக வந்து சேர்ந்தவர்களின் ஊர். அவர்களில் பலருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. வார்டுக்கு ஒருவரைச் சம்பளம் கொடுத்து அதற்கென்றே வையுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தால் போதும், பெரிய படிப்பு வேண்டாம். என் விஷயத்தை நான் எப்படியாவது பார்த்துக்கொள்வேன். வலி அடிக்கடி வருகிறது, வந்தால் போகிறது. நீ வேலையைப் போட்டுவிட்டு வருவதெல்லாம் வீண். வந்தாலும் பகலெல்லாம் போனில்தான் இருப்பாய்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பெரியவன் இப்போது என்ன படிக்கிறான் என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். வந்துதான் தீரும் என்றால், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வார்டு சிஸ்டர் போன் செய்தார். ராத்திரி வந்த வலியைப் பற்றி இன்று காலை சர்ஜனிடம் சொல்லியிருந்தேன், இனி தள்ளிப்போட முடியாது என்றாளாம். அடுத்த வியாழக்கிழமை தேதி கொடுத்துவிட்டார்கள். "கூட யாரும்மா?" என்று கேட்டார். தையல்காரம்மா வர முடியாது, வேறு பேர் எதுவும் வாயில் வரவில்லை. "என் தம்பி வர்றான்" என்று சொல்லிவிட்டேன். "உங்க தம்பியா, பரவாயில்லையே" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். மேலே எழுதியதில் திட்டத்தைப் பற்றிய பகுதியை மட்டும் ஆபீசுக்கு வைத்துக்கொள். மற்றதெல்லாம் அடித்துவிடு. வாடா என்ற ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது. புதன்கிழமையே வந்துடு. பால் வாங்கி வைக்கிறேன்.