மாமியார் வரிசையில் நான்

எனக்கு மீசை உண்டு. இதை ஏன் முதலிலேயே சொல்லிவைக்கிறேன் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினெட்டு நாள் அது இல்லாமல் இருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எண்ணூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிற்கவைப்பவன். அதில் விசில் பாதி, மீசை பாதி. அந்த வருஷம் ஒருநாள் கத்தரிக்கோல் இடதுபக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. வலதுபக்கத்தைச் சரிசெய்தேன். அப்புறம் இடது. அப்புறம் மறுபடி வலது. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன, ஒன்றுமே இல்லாமல். அதே வாரம் கடைவாய்ப் பல்லையும் பிடுங்கினார்கள். வீங்கிய கன்னத்தோடு, மனைவியின் ஊதாச் சால்வையால் தலையையும் தாடையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து சூப் குடித்தேன். அதை அவள் போட்டோ எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே கிடையாது. நான் ஏதாவது எதிர்த்துப் பேச வாயெடுத்தால், "அந்த போட்டோவ எடுக்கட்டுமாங்க?" என்று சாதாரணமாகக் கேட்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன். டிவி ரிமோட் கைமாறியது அப்படித்தான். பாத்திரம் கழுவுவது என் தலையில் விழுந்ததும் அப்படித்தான்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியையும் சக ஆசிரியர்கள் பதினோரு பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அந்தப் படம் மேசையை ஒரு சுற்று வந்தால் போதும், திங்கட்கிழமை என் விசிலுக்கு ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைக் கண்டுபிடித்து அழித்தே தீருவது என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பதினாலாயிரம் படங்கள் தாறுமாறாகக் கிடந்தன. மலைத்துப்போயிருந்த சமயத்தில் எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர் மெக்கானிக் வாசலில் என்னைப் பிடித்து, தானாகவே பேச்சை ஆரம்பித்தார். முகத்தை வைத்துப் படங்களைப் பிரிக்கிற புரோகிராம் ஒன்று வந்திருக்கிறதாம். ஒரு முகத்துக்கு ஒருதடவை பெயர் கொடுத்துவிட்டால், அந்த முகம் இருக்கும் படங்களையெல்லாம் அதுவே பொறுக்கி எடுத்துவிடுமாம்.

"பிள்ளைங்கள வரிசையா நிக்கவைக்கிற மாதிரிதான் சார். உங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை," என்றார்.

போட்டோக்களை ஒழுங்குபடுத்தப்போவதாக வீட்டில் அறிவித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. நல்ல காரியம் என்றாள். மெக்கானிக் வந்து புரோகிராமைப் போட்டபோது, தானும் பார்க்க வசதியாகத் தன் போனையும் அதோடு சேர்த்துவிடச் சொன்னாள். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

மூன்று நாள் சாயங்காலமெல்லாம் அதன் முன்னால் தவம் கிடந்தேன். இவர் யார், அவர் யார் என்று புதிதாய்ச் சேர்ந்த வாத்தியாரைப்போல அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சுவர்க்கடிகாரத்தைக் காட்டிக்கூட யார் இவர் என்றது. தெரியாதவர் என்று போட்டேன். என் வரிசையில் மட்டும் தொள்ளாயிரத்து நாற்பது படங்கள் வந்து நின்றன. அத்தனையிலும் மீசை. ஊதாச் சால்வையைக் காணோம்.

சனிக்கிழமை காலையில், மற்ற வரிசைகளையும் அலசிவிட்டு, வேறு வழியில்லாமல் மாமியாருடைய வரிசையைத் திறந்தேன். ரயில் நிலையத்தில் மாமியார், மருத்துவமனையில் மாமியார், கேக் வெட்டும் மாமியார். எழுபதாவது படத்தில் மாமியார் எங்கள் சோபாவில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். இவர் எதற்கு என் பனியனைப் போட்டிருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நானே யோசித்தேன்.

அங்கேயே அழித்திருக்கவேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வரிசை மாறி ஒருவன் நிற்பதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அந்தப் படத்தை மாமியாரிடமிருந்து பிரித்து, என் பெயரைக் கொடுத்து, என் வரிசையில் ஒழுங்காக நிறுத்தினேன். போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அழித்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் நேரே சோபாவுக்குப் போய்க் காலை நீட்டினேன்.

"பாத்திரம் அப்படியே கெடக்குதே," என்றாள்.

"கெடக்கட்டும்."

"அந்த போட்டோவ எடுக்கட்டுமாங்க?"

"தாராளமா எடு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை என் முன்னால் நீட்டினாள். ஊதாச் சால்வை. சூப். பனியன்.

"அதத்தான் அழிச்சிட்டேனே," என்று உளறிவிட்டேன்.

"தெரியும். உங்க வரிசைல எந்தப் படம் சேந்தாலும் என் போனுக்கு வந்துடும். மூணு நாளா வெறும் மீசையா வந்துச்சு. இன்னிக்குக் காலைலதான் இது வந்துச்சு. நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப தனியா எடுத்து வச்சிட்டேன்."

"அப்ப இவ்வளவு நாளா இது உன்கிட்ட இல்லையா?"

"எங்க இருந்துச்சு? எடுத்த மறுவாரமே கம்ப்யூட்டர்ல எதோடயோ கலந்துபோச்சு. மூணு வருஷமா சும்மா வாயாலதான் மெரட்டிட்டிருந்தேன். பதினாலாயிரம் படத்துல யாரு உக்காந்து தேடறது? அதான் மெக்கானிக்க உங்ககிட்டப் பேசச் சொன்னேன். ஆனா எங்கம்மா வரிசைல போய் நிப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லங்க."

எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன். தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே, நாளைக்கு வருகிறவர்களிடம் மட்டும் காட்டிவிடாதே என்று கெஞ்சினேன். உண்மையிலேயே கெஞ்சினேன். அவளுக்கும் மனசு இளகியிருக்கவேண்டும். போனை அவர்கள் பக்கம் நீட்டவே மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். என் மனைவி சத்தியம் தவறுகிறவள் அல்ல.

"அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பினேன்," என்றாள். "அவங்க தன்னோட படம்னே நெனச்சிட்டாங்க. இவ்வளவு லட்சணமா எதுலயும் வந்ததில்லையாம். நாளைக்கு ஆள் வர்றதுக்குள்ள பெருசாக்கி நம்ம ஹால்ல மாட்டச் சொல்றாங்க. பாத்திரத்த முடிச்சிட்டு வந்து ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க."