சம்பந்தி வீட்டாரைப் படகில் ஏற்றிவந்த விவரம்

கடலூர் முதுநகர்,
மாசி மாதம், 1964.

அன்புள்ள மச்சான் மணவாளனுக்குப் பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது. உன்னையும் தங்கச்சியையும் குழந்தைகளையும் தில்லை நடராசர் ஒரு குறையுமின்றி வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் அக்கா ஞானாம்பாளும் மங்கலமும் சௌக்கியம். படகும் சௌக்கியம். நீ பார்த்து அனுப்பிய ரைஸ்மில் சடையப்பன் அவர்களும் சௌக்கியமாகத்தான் சிதம்பரம் திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

மங்கலத்தைப் பெண் பார்க்க அவரும், அவர் சம்சாரம் பட்டம்மாளும், பையன் கொளஞ்சிநாதனும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நம் வீட்டுக்கு ஜட்கா வைத்துப் பாலம் சுற்றி வரலாம்தான். ஆனால் நான் ரிடையர் ஆனதும் வாங்கிய மோட்டார் படகு, கூரை போட்டு இரண்டு பேர் படுக்க அறையெல்லாம் வைத்தது, சும்மாதானே கிடக்கிறது? சம்பந்தி வீட்டார் அதில் வந்து இறங்கினால் ஊரே பார்க்கும் என்று நினைத்தேன். பார்த்தது. வழக்கமாக என்னோடு வந்து கயிறு பிடிப்பவள் மங்கலம். அன்று அவளைப் பட்டுப்புடவை கட்டித் தலை குனிந்து உட்காரச் சொல்லிவிட்டு நான் தனியாகப் போனேன். மோதினால் தாங்குவதற்குப் பக்கவாட்டில் தொங்கும் பழைய லாரி டயர்களையும் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று கழற்றி வைத்துவிட்டேன். அதுவும் தப்பு.

மூவரையும் ஏற்றி, பிள்ளையாரை நினைத்து, மெஷினைப் போட்டேன். படகு பாய்ந்தது, நின்றது, அப்படியே திரும்பி வந்து துறையில் மடேர் என்று மோதியது. பட்டம்மாள் மடியில் இருந்த பூக்கூடை தண்ணீரில். கரையில் மீன் விற்கும் சவரியம்மாள் எழுந்து நின்று, "ஐயா, பின்னாடி கயித்த அவுக்கலியே! துறையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவப் போறீங்களா?" என்றாள். சடையப்பன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஆற்றின் நடுவில் எல்லாம் நன்றாகவே இருந்தது, மச்சான். கெட்டது கரை சேரும்போதுதான். தண்ணீர் கடலைப் பார்த்து வேகமாக வடிகிற நேரம். நான் அதன் போக்கிலேயே நம் வீட்டுத் துறைக்கு வந்தேனா, ஆரத்தித் தட்டோடு நின்ற உன் அக்காவை ஒரு மின்னல் மாதிரி கடந்து போய்விட்டோம். "ஏங்க, எங்க போறீங்க?" என்று அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. வளைத்துக்கொண்டு மறுபடி வந்தேன், மறுபடியும் அதே வேகம். சடையப்பன் பொறுமை இழந்து, "நான் புடிக்கறேன் இருங்க" என்று ஒரு காலைத் துறைப் பலகையில் வைத்தார். "காலை வெக்காதீங்க, நசுங்கிப்பூடும்!" என்று நான் கத்துவதற்குள் ஒரு கால் துறையில், ஒரு கால் படகில், நடுவில் ஆறு. பாவம், நல்ல பட்டுக்கரை வேட்டி. இடுப்பளவுச் சேறுதான் என்றாலும் எழுந்தபோது மூக்கு மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

அவர் எழுந்து நிற்கும் பக்கமே படகு போகிறது, இடையில் மாட்டினால் மனுஷன் கதி என்ன? அப்போதுதான் வீட்டுக்குள் இருந்து மங்கலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து ஒரு சத்தம் போட்டாள்: "அப்பா! படகு மூக்க எதிர்த்தண்ணிக்குத் திருப்புப்பா! மெஷின கொற! மாமா, நீங்க படிக்கட்டுப் பக்கம் ஒதுங்குங்க! அங்க குந்தியிருக்கறவரே, உங்களத்தான், அந்தக் கயித்த எறிங்க!" குந்தியிருந்தவர் மாப்பிள்ளை. எறிந்தார். அவள் பிடித்துக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். தண்ணீரே படகை நிறுத்திக் கொடுத்தது, கன்றுக்குட்டி மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது.

பட்டம்மாள் இறங்கிச் சொன்னது இதுதான்: "பொண்ண ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாம்னு இருந்தேன். கொரலு கேட்டாச்சு." எந்த முடிவும் சொல்லாமல் பஜ்ஜி தின்றார்கள். என் வேட்டியைக் கட்டிக்கொண்டு சடையப்பன் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

ஆகவே மச்சான், நீ உடனே அவர் வீட்டுக்குப் போய், மங்கலம் பரம சாது, பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது, அன்று அவளுக்கு ஜுரம் என்று எதையாவது சொல்லிச் சமாளி. நல்ல இடம் கைநழுவக் கூடாது. உன் அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
கரையிலேயே இருக்கும்
பொன்னுரங்கம்.

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் சடையப்பனே வாசலில் வந்து நிற்கிறார். "எங்க மில்லுல அம்பது ஆளு, அதட்ட ஒருத்தர் கெடையாது. என் பையனும் வாயில்லாப் பூச்சி. பொண்ணு எங்களுக்குத்தான், வேற எங்கியும் பேசிடாதீங்க" என்கிறார். ஆகையால் மேலே எழுதியதில் ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிடாதே. சாது என்று மட்டும் சொல்லவே சொல்லாதே, காரியம் கெட்டுவிடும். மங்கலம் அடுப்பங்கரையிலிருந்து, "அந்தக் கயிறு எறிஞ்சவருக்கு நீந்தத் தெரியுமான்னு மணவாளன் மாமாவ விசாரிக்கச் சொல்லுங்க" என்று கத்துகிறாள். சடையப்பன் காது குளிரக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விசாரித்து எழுதவும்.