அண்ணிக்கு, ஏழு மிளகாய் விஷயமாக

கடலூர்,
புதன்கிழமை காலை.

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பவானி வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் தம்பிக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தும்மல் மட்டும் பாக்கி. மற்றபடி இருவரும் சுகம். சிதம்பரத்தில் உங்கள் இரண்டு கண்களும், வீட்டில் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸப்பில் நீங்கள் என்னை பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுத வேண்டியதாயிற்று. கல்லூரியை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், களைக்கொட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். திங்கட்கிழமை நீங்கள் போனில் சொன்னதை நிறைவேற்றத்தான். "அது எங்கப்பா கட்டுன மாடி. அதுல ஒரு மொளகாச் செடிகூட இருக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம நானே வந்து பாப்பேன்" என்று சொன்னீர்கள். நான் சரி என்றேன். மொத்தம் முப்பத்தொரு தொட்டி. முதல் தொட்டியில் சாக்லேட் நிறத்தில் பழுக்கிற ஹபனேரோ மிளகாய் நிற்கிறது. மூன்று மாதமாக இலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த அந்தச் செடி, பிடுங்கப் போன இன்றைக்கென்று பார்த்து மொட்டு விட்டிருக்கிறது. மொட்டு வந்தால் உடனே வலைப்பை கட்ட வேண்டும் அண்ணி. இல்லையென்றால் தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும், விதை கலப்படமாகிவிடும். ஸ்ரீமதி வளைகாப்பில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தீர்களே, உங்கள் மகள் பெயரும் மருமகன் பெயரும் அச்சடித்த வலைத்துணிப் பை, அதில் ஒன்றைக் கட்டினேன். ஆக, பிடுங்கப் போனவள் பை கட்டிவிட்டு இறங்கி வந்தேன். பிடுங்கும் வேலை நாளைக்கு.

நாளைக்குக் கட்டாயம் நடக்கும். ஆனால் அதற்கு முன், 'பவானி மாடியில விஷம் வளக்கறா' என்று நீங்கள் சொன்னது காட்டுமன்னார்கோயில் வரை போய்விட்டதாக அங்கிருந்தே எனக்கு இரண்டு போன் வந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிறு அமாவாசை. உங்கள் தம்பி ஷிப்ட் இன்சார்ஜ் ஆன ஒரே மாதத்தில் ஸ்கூட்டரோடு இரண்டு முறை விழுந்து, செல்போனையும் கிணற்றில் போட்டார் என்பதற்காகத் திருஷ்டி சுற்றிப்போட நீங்கள் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். அது உங்கள் பாசம், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். நான் அந்த நேரத்தில் மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் சமையலறைக்குப் போய், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் மிளகாய் டப்பா இருக்க, ஜன்னல் ஓரத்தில் தட்டில் விதைக்காகக் காயவைத்திருந்ததை எடுத்தீர்கள். குண்டு மிளகாய் என்று நினைத்திருப்பீர்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அது டிரினிடாட் தீவிலிருந்து வந்த ஜாதி. அதன் பெயருக்கே ஏழு பானை என்றுதான் அர்த்தம், ஒரு பழத்தைப் போட்டால் ஏழு பானைக் குழம்புக்குக் காரம் போதும் என்பதால். நீங்கள் எடுத்தது ஏழு பழம். ஏழேழு நாற்பத்தொன்பது பானைக் காரத்தை, உப்போடு சேர்த்து, கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனிதரின் தலையைச் சுற்றிக் கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டீர்கள்.

முதலில் தும்மியது எதிர்வீட்டு நாய். அது மனிதர் மாதிரி தும்மியதை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் உங்க தம்பி சேரோட சாஞ்சாரு. சாயங்காலக் கடல்காத்து வேற நல்லா அடிச்சிது, புகை அப்படியே தெரு முழுக்கப் போயி, டியூஷன் புள்ளைங்க, இஸ்திரி வண்டிக்காரர், பக்கத்துல ஜெயமேரி வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்த எட்டுப் பேர்னு ஒருத்தர் பாக்கியில்லாம இரும ஆரம்பிச்சாங்க. சிப்காட் கெமிக்கல் கம்பெனிங்க பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு மூக்கு எரிஞ்சா வேற எதும் தோணாது இல்லையா. "கேஸ், கேஸ்"னு யாரோ ஒரு குரல் குடுத்தாங்க. அவ்வளவுதான். நாலாம் வீட்டு கோவிந்தசாமி சார் முப்பது வருஷம் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள்கூட அவருக்கு அங்கே ஆபத்து வாய்க்கவில்லை. அன்றைக்கு விசில் ஊதிக்கொண்டு வெளியே வந்தார். "யாரும் கண்டபடி ஓடாதீங்க. காத்து எந்தப் பக்கம்னு பாருங்க. துணிய நனைச்சி மூக்குல கட்டுங்க. காத்துக்குக் குறுக்க ஓடுங்க" என்றார். குறுக்கே ஓடினால் சாக்கடை. மூன்று பேர் விழுந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்ததும், முகமூடி போட்ட அதிகாரி என்னிடம்தான் கேட்டார்.

"என்னம்மா கெமிக்கல்?"

"மொளகா சார்."

"எந்த கம்பெனி?"

"கம்பெனி இல்ல சார், எங்க அண்ணி."

இதை நான் கேலியாகச் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் நீங்கள் மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் துடைத்துவிட்டீர்கள். தண்ணீர் ஊற்றினால் அந்தக் காரம் பரவும், தயிர்தான் அடக்கும். அது தெரிந்ததால்தான் ஜெயமேரி கொண்டுவந்த சட்டித் தயிரை உங்கள் கையிலும் முகத்திலும் அப்பினேன். அதை எவனோ படம் பிடித்து, நீங்கள் பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் அது உங்கள் சம்பந்தியம்மா போனில் போய்ச் சேர்ந்து, அவுங்க "என்னங்க, தயிர் அபிஷேகமா?" என்று கேட்டது ரொம்பத் தப்பு. அந்த வார்த்தைக்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் அந்தத் தயிர் இல்லையென்றால் நீங்கள் அன்றைக்கு பஸ் ஏறியிருக்க மாட்டீர்கள், பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நெடி வராவிட்டால்தான் திருஷ்டி இருந்து கழிந்தது, நெடி வந்தால் திருஷ்டியே இல்லை என்பது நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. அப்படியானால் தெருவையே காலி பண்ணின நெடிக்கு என்ன அர்த்தம்? கடலூர் மாவட்டத்திலேயே கண் படாத மனிதர் உங்கள் தம்பிதான் என்று அர்த்தம். நல்ல செய்தியாயிற்றே என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "இருபத்தாறு வருஷம் கழிச்சி இன்சார்ஜ் ஆயிருக்கேன். ஒருத்தனுக்குக்கூட வயிறு எரியலையா?" என்று கேட்டுவிட்டு அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

போனில் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்டீர்கள். "உனக்கு அல்சரு. தயிர்சோத்துக்குத் தொட்டுக்கக்கூட மொளகா ஆவாது. உனக்கு எதுக்குடி இந்தப் பைத்தியம்?" இரண்டு நாளாக யோசித்தேன். இந்த வீட்டில் இருபத்துமூன்று வருடமாகக் குழம்பில் காரம் ஜாஸ்தி, காரம் கம்மி என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது நாகர்கோவிலில், என்னிடம் விதை வாங்கின ஒரு பேராசிரியர் செடியைப் படம் எடுத்து அனுப்பி, "மேடம், இலை ஏன் இப்படிச் சுருளுது?" என்று கேட்கிறார். அடியில் இலைப்பேன் இருக்கும், திருப்பிப் பாருங்கள், வேப்பெண்ணெய் அடியுங்கள் என்கிறேன். பத்து நாளில் துளிர் வந்த படம் அனுப்புகிறார். தாவரவியல் படித்து வாங்கின பட்டம் பீரோவில் புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அந்தப் பேராசிரியர் ஒருவரைத் தவிர. கிறிஸ்தவ ஆயர் தொப்பி மாதிரியே காய்க்கிற ஒரு மிளகாயை ஜெயமேரிக்குக் காட்டினபோது, "ஏங்க, ஆயர் தலையில வெக்கறத நீங்க பஜ்ஜி போடுவீங்களா?" என்று சிரித்துவிட்டு, மறுநாள் பங்குச் சாமியாரையே மாடிக்கு அழைத்துவந்து காட்டினார். அவர் ஒவ்வொரு தொட்டியாக நின்று பெயர் கேட்டார். முப்பத்தொரு பெயரும் நான் பார்க்காமல் சொன்னேன்.

அதெல்லாம் இருக்கட்டும். பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதை மீறி எனக்குப் பழக்கமில்லை. நாளை வியாழன், ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுகிறேன். மண்ணைத் தென்னைக்குக் கொட்டிவிடலாம். தொட்டிகளை ஜெயமேரி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது அப்பா கட்டின மாடி, அப்பா கட்டினபடியே சுத்தமாக இருக்கும். வடாம் பிழியலாம். என்மேல் மனத்தாங்கல் இருந்தால் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுங்கள்.

ஸ்ரீமதிக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல்லவும். கண்ணுக்கு மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விடவும். கோயிலுக்குப் போகும்போது உங்கள் தம்பி பெயரோடு என் பெயரையும் சேர்த்து அர்ச்சனை செய்தால் சந்தோஷப்படுவேன், என் நட்சத்திரம் ரேவதி.

தங்கள் அன்புள்ள,
பவானி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது. அன்று நான் மாடியில் இல்லை. தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவந்து சமையலறை வாசலில்தான் நின்றிருந்தேன். நீங்கள் தட்டில் கை வைத்ததையும் ஏழு எண்ணினதையும் பார்த்தேன். 'அண்ணி, அது வேண்டாம்' என்று வாய்வரை வந்தது. அப்போது நீங்கள் நான் நிற்பது தெரியாமல், "இவ வளக்கறது கொழம்புக்குத்தான் ஒதவல, இதுக்காவது ஒதவட்டும்" என்றீர்கள். நான் பேசாமல் நின்றுவிட்டேன். உங்கள் கண்ணுக்குப் போகும் என்று நினைக்கவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மீதிக்குக் கேட்கவில்லை. இது என் தப்பு, செடியின் தப்பு இல்லை. என் தப்புக்காக அதைப் பிடுங்க முடியாது. வியாழக்கிழமை என்று மேலே எழுதினதையெல்லாம் அடித்துப் படித்துக்கொள்ளவும். மாடி உங்கள் அப்பா கட்டினது, அங்கே ஒரு தொட்டியும் இருக்காது. திருவந்திபுரம் போகிற வழியில், ஆற்றோரம், ஜெயமேரியின் அண்ணன் மரிய அருளுக்குப் பதினைந்து சென்ட் இடம் போர்வெல் தண்ணீரோடு சும்மா கிடக்கிறது. அதை என் பெயரில் குத்தகைக்கு எடுத்து முந்நூறு செடி வைக்கப் போகிறேன். உங்கள் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. ஜெயமேரியிடம் சொல்லவில்லை. மரிய அருளிடமும் சொல்லவில்லை.